வியாழக்கிழமை ஆவி

— குளிக்கிற தொட்டியைப் பாத்தியா எர்னா? நாம திராட்சை மிதிச்ச தொட்டிதான் அது. வாங்கினவன் அடியில நாலு பித்தளைச் சிங்கத்தை வெச்சு நிறுத்திட்டான். நம்ம தோட்டத்தையும் கொட்டகையையும் வித்து மூணு வருஷம்தான் ஆகுது, அதுக்குள்ள கொட்டகையை ஓட்டலாக்கிட்டான்.

— பேச்சை மாத்தாத கிளெம். வியாழக்கிழமை எங்க போறேன்னு கேட்டேன்.

— பந்து உருட்டுற கிளப்புக்கு. எத்தன தடவ சொல்றது?

— அந்தக் கிளப்பை மூடி ரெண்டு வருஷமாச்சு. இப்ப அங்க நாய்க்கு முடி வெட்டுறாங்க. நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன்.

— அட. அப்படியா.

— குளிர்காலம் வந்தா போதும், இருட்டு பிரியறதுக்குள்ள கெளம்பிடற. ஒம்பது மணிக்கு விசிலடிச்சிட்டு வர்ற. நாப்பத்தஞ்சு வருஷத்துல நீ விசிலடிச்சு நான் கேட்டதே இல்ல, நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட. யாரு அவ?

— அவளா? எழுபத்திரண்டு வயசுல, பைபாஸ் பண்ண நெஞ்சை வெச்சுக்கிட்டு...

— பைபாஸ் பண்ணாத எடமெல்லாம் நல்லாத்தான இருக்கு. மக ஆசைப்பட்டு அவ வீட்டுக்காரர் பேர்ல ரூம் போட்டுக் குடுத்தா. சரி, இங்க வெச்சுக் கேட்டுடலாம்னுதான் வந்தேன். உண்மையைச் சொல்லு. இல்லன்னா நாளைக்கு நான் நேரா என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீ மட்டும் வீட்டுக்குப் போ.

— இரு, கதவைத் தட்டுறாங்க.

— வணக்கம் கிளெம், வணக்கம் எர்னா. நான் பாப்பி. ரெண்டு நாளும் உங்க அனுபவத்துக்குத் துணையா இருக்கப்போறது நான்தான். இது வரவேற்புத் தட்டு.

— தட்டுல கல்லுதான்மா தெரியுது.

— கல்லு மேல பாருங்க எர்னா. மூணு துண்டு வெள்ளரிக்கா. நம்ம பரோசா பள்ளத்தாக்கு முறைப்படி ஊறப்போட்டது.

— எங்க வீட்டுல இது ஜாடி ஜாடியா கெடக்கும்மா.

— அந்த மூலைல கூரை ஒழுகுதே.

— அது ஒழுகல் இல்ல கிளெம், மழை நம்மகூடப் பேசுறது. இங்க இருந்த கடைசி விவசாயி காலத்து ஓட்டை. தொடாம அப்படியே காப்பாத்திட்டு வர்றோம்.

— கேட்டுக்கிட்டியா கிளெம்? இருவது வருஷமா அடைக்கச் சொன்னா, காப்பாத்தியிருக்க வேண்டியதாம்.

— உங்க வீட்டுலயும் ஒழுகுமா எர்னா? இந்த ஷிராஸ் ஒயினை ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. முடிவுல அந்த விவசாயியோட துக்கம் நாக்குல தெரியும்.

— எனக்கு மொளகுதான் தெரியுது. அவருக்கு என்ன துக்கம்?

— நிலத்தை வித்த அன்னிக்கே, கொடிங்களுக்கு நடுவுல உக்காந்தபடியே உயிரை விட்டுட்டார் கிளெம்.

— ஓ. செத்துட்டாரா.

— மனசு ஒடைஞ்சு. அவரோட மனைவிதான் வித்தே ஆகணும்னு நின்னாங்களாம். பேராசை. அந்தப் பணத்துல வைரம் வாங்கிக்கிட்டு கடலோரம் போய்ட்டாங்க.

— வைரமா? துணி துவைக்கிற மிஷின் இல்லியா?

— வைரம்தான் எர்னா, எங்க கையேட்டுலயே போட்டிருக்கு. ஆனா அவர் போகல. ஆவியா வர்றார். ரெண்டு வருஷமா, குளிர்காலத்துல, பின்னால இருக்கிற பழைய கொடியெல்லாம் கவாத்து பண்ணிட்டுப் போறார். எங்க ஆளுங்களுக்கு அவ்வளவு சுத்தமா வெட்ட வராது. அதுக்குன்னே வியாழக்கிழமை இந்த அறைக்கு ரெட்டை வாடகை.

— எந்தக் கிழமைன்னு சொன்ன?

— வியாழன், விடியக்காலைல. போன வாரம் தொப்பியைக்கூட விட்டுட்டுப் போய்ட்டார். நூறு வருஷம் பழசுன்னு நிபுணர் ஒருத்தர் வந்து சொன்னார். கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்கோம். இருங்க, எடுத்துட்டு வர்றேன்.

— கிளெம்.

— ம்.

— உன் கம்பளித் தொப்பி எங்க?

— கிளப்புல தொலைஞ்சிடுச்சு.

— கிளெம்.

— சொன்னா விடுவியா நீ? நெஞ்சைக் கிழிச்சுத் தச்சவன் பனில நின்னு கொடி வெட்டறான்னு சொன்னா? அந்த நெஞ்சுக்காகத்தான விக்கச் சொன்ன. டாக்டரைப் பாத்துட்டு வந்ததும், வித்துடலாம்னு தைரியமா சொல்லிட்டு, கார்ல போய் ஒக்காந்து அழுத. நான் பாத்தேன்.

— பாத்தியா.

— பாத்தேன். அதுக்கப்புறம் வந்து, எனக்கு அந்தக் கொடிங்க இல்லாம இருக்க முடியலன்னு எந்த வாயால சொல்றது?

— கத்தரியை எங்க ஒளிச்சு வெச்சிருக்க?

— பந்துப் பையில.

— பாவி. அவளா இருக்கும்னு தபால்காரியோட நான் பேச்சையே நிறுத்திட்டேன்.

— இதோ தொப்பி. கண்ணாடியைத் தொடாதீங்க. காதுப் பக்கம் பச்சை நூல்ல தச்சிருக்கு பாருங்க எர்னா. எவ்வளவு அன்பு. அவரோட அம்மா தச்சதா இருக்கும்னு கையேட்டுல சேத்துட்டோம்.

— அம்மா இல்லம்மா. அது போகட்டும், வியாழக்கிழமை பின்பக்கக் கேட்டைப் பூட்டுவீங்களா?

— மாட்டோம் எர்னா. ஆவிக்கு வழி விடணும்ல.

— பூட்டாதீங்க. கொடிங்க பக்கத்துல ஒரு நாற்காலியும் போட்டு வைங்க. இந்த வாரத்துல இருந்து அந்த வைரக்காரியும் வர்றா.