ஊர் கேட்பவன்

சயானிலிருந்து ஆண்டாப் ஹில் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் முடியை ஒட்ட வெட்டிய ஒருவனும் அவன் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். லீவில் வந்த பட்டாளத்துக்காரன். பெரிய பச்சைப் பை மடியை அடைத்துக்கொண்டிருந்தது.

"தமிழ்ப் பையன் அடிபட்டு வந்தாத்தான்க்கா எனக்குப் பயம்," என்றான்.

அதைக் கேட்டுத்தான் நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

"ஏம்ல? நம்ம பாஷ பேசுத ஆளு வந்தா நல்லதுதான?"

"நாங்க லாரியில கூடாரத்த ஏத்திக்கிட்டு சண்ட நடக்க எடத்துக்குப் பின்னாலயே போவோம். எறக்கி விரிச்சா அதான் ஆபரேஷன் தியேட்டர். பொழைக்க ஆள டாக்டர் ஒடனே மேசையில போட்டுருவாரு. அவனுக்கு மயக்க ஊசி போதும், பேச்சு வேண்டாம். பொழைக்க மாட்டான்னு ஓரமாப் படுக்க வச்சவன் தமிழா இருந்தாத்தான் என்னயக் கூப்பிடுவாரு. போய்ப் பேசிக்கிட்டு இருன்னு இந்தியில சொல்லுவாரு."

"போயி என்னல பேசுவ?"

"கையப் பிடிச்சுக்கிட்டு எந்த ஊருன்னு கேப்பேன். வேற என்னத்தக் கேக்க? சில பேரு ஊரச் சொல்லி முடிக்கதுக்குள்ள..."

அக்கா அந்தப் பையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பெரியவர் ஒருவர் அவர்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். அக்கா அவனிடம் ஏதோ தமிழில் சொன்னது காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"தமிழா தம்பி? எந்த ஊரு?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தனக்குத் தமிழ் தெரியாது என்று இந்தியில் சொன்னான்.