ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புகழஞ்சலி

ஹலோ... விக்டரா? நான் பானுமதி டீச்சர் பேசறேன், ஸ்ரீரங்கத்துலேர்ந்து... ஹலோ... ஹலோ, போனைக் கீழ போட்டுட்டியா?... ஆமாப்பா, அதே பானுமதிதான். எட்டாம் வகுப்பு, தமிழ்... ஆமா, ஆமா, உயிரோடதான் இருக்கேன். இப்பதான் காபி குடிச்சேன்.

பழைய மாணவர் மலர்ல என்னைப் பத்தி எழுதியிருக்கியே, எதிர்வீட்டு ரங்கநாயகி கொண்டுவந்தா. கையில குடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு தடவை கிள்ளிப் பாத்துக்கிட்டா... கோபமெல்லாம் இல்ல. நான் போயிட்டேன்னு உனக்கு யார் சொன்னா?... யாருமே சொல்லலையா?... போன் எடுக்கலைன்னா செத்துட்டதா அர்த்தமா? பெங்களூர்ல பொண்ணு வீட்டுல இருந்தேன்டா, ரெண்டு வருஷம்.

இரு, படிக்கறேன். "காவிரிக்கரையில், அந்தி சாயும் வேளையில், 'எழுது விக்டர், நிறுத்தாதே' என்று என் கையைப் பற்றியபடி கண்மூடினார்." உன் கையை நான் எப்ப புடிச்சேன்? காதைத்தானே புடிச்சிருக்கேன்...

ம்... ம்... ஞாயித்துக்கிழமை புகழஞ்சலியா? எனக்கா?... மண்டபம் புடிச்சாச்சு. ஃபிளெக்ஸும் வெச்சாச்சு... என் படத்துக்கு மாலை போடறது யாரு?... நீயேவா. சரி... என்னது?... அதுவரைக்கும் நான் வெளிய தலைகாட்டக் கூடாதா?... கோயிலுக்காவது போகலாமா, அதுவும் கூடாதா?

அட, அழாத. பேரன் பேத்தி எடுத்தவன் அழற அழுகையா இது... தப்பு என் பேர்லயும் இருக்கு. முக்கொம்பு அணைக்கு எக்ஸ்கர்ஷன் போனோமே, ஞாபகம் இருக்கா?... நீ வரல. காய்ச்சல். ஆனா மூணு பக்கம் கட்டுரை எழுதிட்டு வந்தே, மதகுல மாட்டின ஆமையைத் தனியா இறங்கிக் காப்பாத்தினேன்னு... ஆமா, ஆமா, ஆமைதான். போன நாப்பது பேரும் புளிசாதம் சாப்பிட்டதைத்தான் எழுதியிருந்தாங்க. வராதவன் எழுதினதை நான்தானே வகுப்புல சத்தமாப் படிச்சேன். இன்னும் எழுதுடான்னும் சொன்னேன். அது ஒண்ணுதான் இதுல நெஜம். இப்ப அனுபவிக்கறேன்.

இல்ல, நான் வரத்தான் போறேன்... குறுக்க பேசாத, கேளு. மாஸ்க் போட்டுக்கிட்டு கடைசி வரிசையில உக்காந்துக்கறேன். நீ அந்தச் சாவுப் பத்தியை வாசி. அவசரப்படாம, நிறுத்தி வாசி. மண்டபத்துல நாலு பேராவது கண்ணைத் தொடைக்கணும். தொடைச்சாங்கன்னா சத்தம் போடாம வீட்டுக்குப் போயிடறேன். தொடைக்கலைன்னா எழுந்து நிப்பேன்...

என்ன?... நான் படிச்சப்பவா?... நான் எதுக்குடா அழறேன். கண்ணாடி சரியில்ல, அந்த எடத்துல எழுத்தெல்லாம் கலங்கிக் கலங்கித் தெரிஞ்சுது. வெச்சிடறேன்.