வாய்தா வாங்காத நாள்

மேடையை நிறைத்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற நினைப்போடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கைதட்டுவதா கலைந்து போவதா என்று யோசித்து நிற்கும் தம்பிமார்களே! அனைவருக்கும் இந்தத் தட்டச்சுக்காரியின் வணக்கம்.

இந்தச் சாலைத் திறப்பு விழாவின் நாயகரிடம் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். இன்று நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஐயா, எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள்!

வக்கீலாக இருந்தபோது அவருக்கு என்ன பெயர்? (ஆமாம், சத்தமாகச் சொல்லுங்கள்!) வாய்தா வக்கீல்! காய்ச்சல் என்று ஒரு வாய்தா, கேஸ் கட்டு காணவில்லை என்று ஒரு வாய்தா, காரணமே கிடைக்காவிட்டால் காரணம் யோசிக்க ஒரு வாய்தா! நடையாய் நடந்த கட்சிக்காரர் ஒருவர், சோப்புக் கம்பெனி வைத்திருந்தவர், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். "கேஸ் முடியறதுக்குள்ள எனக்கு வயசாயிடுச்சு சார். கம்பெனியை நீங்களே எடுத்து நடத்துங்க!"

அப்படித்தான் வக்கீல் முதலாளி ஆனார். சிரிக்காதீர்கள், சோப்பு நன்றாகவே நுரைத்தது.

கம்பெனியின் முன்சுவர் எங்கள் தெருவின் வாயை அடைத்து நின்றது. அதை இடித்துச் சாலையை அகலமாக்க நகராட்சி முனைந்தது. விடுவாரா வக்கீல்? தடையுத்தரவு வாங்கினார். அந்த மனுவை அடித்த பாவி நான்தான்! ஒன்பது ஆண்டுகள் வாய்தாவிலேயே வாழ்ந்தது அந்தச் சுவர்.

பிறகு நீங்கள் அவரையே நகராட்சித் தலைவர் ஆக்கினீர்கள். என்ன நடந்தது? காலையில் தலைவராக நோட்டீஸ் அனுப்பினார். மாலையில் முதலாளியாக அதைக் கையெழுத்திட்டு வாங்கினார். மறுநாள் வக்கீலாக வாய்தா கேட்டார்! சுவர் போனால் சோப்பு காய்ச்சும் கூடமும் போகும். அவருக்கு மனம் வரவில்லை.

அந்த வாரமே என் மகளுக்குப் பிரசவ வலி கண்டது. காலை பத்து மணி. ஆம்புலன்ஸ் சுவர் முனையில் சிக்கி நின்றுவிட்டது. நாற்காலியில் வைத்துத் தூக்கினோம். கம்பெனியிலிருந்து ஓடிவந்த ஐயா நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். சுவரருகே நாற்காலி இடித்தது. என் மகள் அலறினாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா," என்றார் ஐயா.

"குழந்தை வாய்தா கேக்காது மாமா!" என்றாள் அவள்.

அன்பர்களே, எனக்கு அப்போது கோபம் கோபமாய் வந்தது. மகள் பிழைப்பாளா என்பது தெரியாது. அந்தச் சுவருக்கு மனு அடித்த என் விரல்களை நானே சபித்தேன். ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பார்வை அந்தச் சுவர்மேலேயே இருந்தது.

தாயும் சேயும் தப்பினார்கள். அடுத்த திங்கட்கிழமை நீதிமன்றத்தில் நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வழக்கம்போல வாய்தாதானே?" என்று பேனாவை எடுத்துவிட்டார்.

நம் வாய்தா வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா?

"வேண்டாம் ஐயா. என் மனுவைத் தள்ளிடுங்க. இன்னைக்கே தோத்துடறேன்!"

எத்தனையோ வழக்குகளை அவர் இழுத்தடித்ததைப் பார்த்தவள் நான். அவர் தோற்றதற்காகக் கைதட்டியது அன்று ஒருநாள்தான். நீதிபதி அதட்டினார். அப்படியும் நான் நிறுத்தவில்லை.

இந்த மேடை நிற்கிறதே, இதுதான் அந்தச் சுவர் நின்ற இடம். அதோ, ஐயாவின் மடியில் ஏறி மாலையைப் பிய்க்கிறாளே, அவள்தான் வாய்தா கேட்காமல் வந்த என் பேத்தி!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பதில் பேச முடியாமல் தவிக்கும் ஐயாவுக்கும் நன்றி. வீட்டுக்கு இந்தச் சாலையிலேயே நடந்து போங்கள். நாலு பேர் கைகோத்துப் போகலாம். வணக்கம்!