ரம்பத்தின் இரண்டு பக்கம்

— இழுக்கும்போது என் மூஞ்சியைப் பார்க்காதீங்க அக்கா, ரம்பத்தைப் பாருங்க. மிதக்கிற கோரைத் தீவு, கோணலா அறுபடுது.

— உன் மூஞ்சியைப் பார்க்கத்தான் விடிஞ்சதும் எந்திரிச்சு வந்தேனாக்கும்! ஆத்தாடி! தூக்குடி எல்விரா, மேல தூக்கு. வேர்ல சிக்கிக்கிச்சு.

— தூக்கியாச்சு. கேட்டுக்கோங்க, அடுப்புக்கல்லு உங்களுக்கு, சோலார் விளக்கு எங்களுக்கு. அப்புறம் பேச்சு மாறக்கூடாது.

— இந்தப் பசிலியா என்னைக்குடி பேச்சு மாறினா? எடுத்துக்கோ. ராத்திரி பூரா வெளிச்சம் போட்டுக்கிட்டு உன் கோரை அழுகுறதைப் பாரு.

— அழுகின கோரை யாரு போட்டது? சுற்றுலா வந்த மஞ்சள் சட்டைக்கார அம்மா, மூச்சு வாங்க மூச்சு வாங்க நம்ம ஏரியைப் பார்க்க வந்துச்சு. முழங்கால் வரைக்கும் உள்ள போயிடுச்சே! உங்க குடிசை வாசல்லதானே?

— வாசல் என்னுது. அந்த வாரம் கோரை பரப்பின முறை உன்னுது.

— முந்தாநாள் அந்தம்மா காலை வெளிய இழுத்தது நானு. ஒரு செருப்பு இன்னும் தித்திகாக்கா ஏரிக்குள்ளதான் கெடக்கு.

— ஏய், ரெண்டு பேரும் பேசாம அறுங்க! சுற்றுலாப் படகு தெரியுது!

— உங்க வீட்டுக்காரருதான் கத்துறாரு. நசாரியோ மாமாவுக்கு பார்வை மேடைமேல உக்காந்துக்கிட்டு ஏவுறதுன்னா அவ்வளவு இஷ்டம்.

— பக்கத்துல உம் புருஷன் மட்டும் என்ன, கோரை வெட்டிக்கிட்டா இருக்கான்? சண்டை போட்டது நீங்க, நீங்களே அறுங்கன்னு அண்ணனும் தம்பியும் ஏறிக்கிட்டாங்க. என் பக்கம் நிக்க வேண்டிய மனுஷன் உன் பாதியில போய் உக்காந்திருக்கான் பாரு.

— மேடை அங்கதானே இருக்கு. மத்தியானம் மோட்டார் படகு வந்து எங்க பாதியை இழுத்துட்டுப் போறதுக்குள்ள இறங்கிடுவாரு. எங்க பாதியை ஏரித்தரையோட பிடிச்சிருந்த முளைக்கயிறெல்லாம் என் வீட்டுக்காரன் கிளெமெந்தே காலையிலேயே அவுத்துட்டான்.

— அவுத்தாச்சா? அப்ப இந்த ஒட்டு ஒண்ணுலதான் உன் பாதி நிக்குதா?

— ஆமா. இன்னும் ஒரு முழம் இருக்கும்... அக்கா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க என்னை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

— எப்படி?

— கரையில பொறந்தவளுக்குக் கோரை பரப்பத் தெரியுமா, உருளைக்கிழங்கு தோண்டத்தான் தெரியும்னு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பேறுகாலத்துல பக்கத்துல உக்காந்து என் தலையைப் பிடிச்சுவிட்டீங்களே, அந்த அக்காவா இதுன்னு.

— நானா? எப்பச் சொன்னேன்? யாரு சொன்னது உங்கிட்ட?

— கிளெமெந்தேதான்.

— ஆத்தாடி ஆத்தாடி! நீ என்னைச் சொன்னியாமே, கிழட்டுக் கொக்கு வாசல்ல நின்னா வர்ற ஆளுங்க நான் விக்கிற துணியைத் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லைன்னு? நசாரியோ வந்து சொன்னான். ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை.

— ஐயோ! நான் கொக்குன்னு சொல்வேனா அக்கா! எந்தங்கச்சி மேல சத்தியமா! உங்க பூத்தையலைப் பார்த்துத்தானே நான் ஊசியே பிடிச்சேன்!

— நிறுத்து, நிறுத்து. ரம்பத்தை விடு. இங்க பாரு... அந்தப் புதுத் தொப்பி உம் புருஷன் எப்ப வாங்கினான்?

— போன சந்தையில. கரையில, புனோ டவுன்ல. ஏன்?

— எம் புருஷனும் அதே சந்தையிலதான் வாங்கினான். தீவுத் தலைவர் போடுற தொப்பி. சண்டை முந்தாநாளு. தொப்பி போன சந்தையில.

— அக்கா...

— ஒரு தீவுக்கு ஒரு தலைவர்தான். படகு வந்தா அவன்தான் முன்னால நின்னு கைகுடுக்கணும், அவன்தான் பேசணும். ரெண்டு தீவாயிட்டா?

— ரெண்டு தலைவர்! அங்க பாருங்க அக்கா, ரெண்டு பேரும் கையை விரிச்சு விரிச்சு ஒத்திகை பார்க்கிறாங்க! கிளெமெந்தே தொப்பியைத் தூக்கித் தூக்கிக் கும்பிடுறான்! நான் இப்பவே போய் அந்தத் தொப்பியை...

— கத்தாதே. சிரிக்காத மாதிரி இரு. பல்லைக் கடிச்சுக்கோ.

— முடியலையே! வயித்தை வலிக்குது!

— என்னம்மா அங்க நிறுத்திட்டீங்க? படகு நம்ம பக்கம் திரும்பிடுச்சு! நெறைய பேரு! சீக்கிரம்!

— இதோ அறுக்கிறோம் மாமா! நீங்க ரெண்டு பேரும் இறங்காம அங்கேயே இருங்க, மேலயிருந்து பார்த்தாதான் கம்பீரமா இருக்கும்!

— அடி கள்ளி!

— அக்கா, நெஜமாவே வந்துடுச்சு! கேமராவெல்லாம் தெரியுது! எந்தப் பக்கம் கட்டுவாங்க? உங்க பக்கந்தான் கட்டுதுறை இருக்கு. பாட்டுப் பாடணுமே, நான் பின்னலைக்கூடப் போடலையே! சரி, வாங்க, ரம்பத்தை உருவி வெச்சிடலாம். ஒரு முழந்தானே பாக்கி, வேரு தானாப் பிடிச்சிக்கும்.

— எதுக்குடி உருவணும்? ரெண்டு தலைவரும் மேடையோட மிதந்து போகட்டும். உன் துணிமூட்டையைத் தூக்கிக்கிட்டு என் பக்கம் தாண்டு. தாண்டிட்டியா? ம், இப்ப இழு!