முதுகுப் பக்கம் வெயில்

— சோத்த வச்சு எம்புட்டு நேரமாச்சு, டிவியில ஓடுத படத்தையே பாத்துக்கிட்டு இருக்கியளே. வாங்க.

— பசிக்கல மகபூபு.

— காலையிலயும் இதத்தான் சொன்னிய. நீங்க சவுதியில கெடந்த காலம் பூரா நான் ரோலு போட்டு எடுத்து அனுப்புன பிள்ளைய படம் அம்புட்டையும், இந்தப் புது கேமராவால ஒண்ணொண்ணா திரும்ப எடுத்து, கம்ப்யூட்டர்ல ஏத்தி, டிவியில ஓட விட்டு... கண்ணு பூத்துப் போச்சு. நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?

— ஆரு இல்லன்னா? பழைய கேமராவே போதும்னியே.

— ரோலு எங்கன கெடைக்கு? சங்கரங்கோயில்ல இருந்த ரெண்டு ஸ்டுடியோவும் படம் கழுவுதத விட்டாச்சு. மெட்ராசுக்கு கூரியர் அனுப்பிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருக்க ஏலல. மவன் சாதிக் இத வாங்கி அனுப்புனான், மாறிட்டேன். இப்பவும் ஒரு படம் எடுத்தா கட்டவெரலு தானா ரோலு சுத்தப் போவுது. அங்கன ஒண்ணுமில்ல, வழவழன்னு இருக்கு.

— ஏட்டி, இங்க பாரு. நஸ்ரின் மொத நாளு பள்ளிக்கூடம் போன படம். கீழ ஒண்ணு இருந்துச்சே?

— கண்டுபிடிச்சிட்டியளா! என் நெழலுதான? வெயிலு முதுகுப் பக்கம் இருக்கணும்னு ஸ்டுடியோ அண்ணாச்சி சொல்லிக் குடுத்தாவ. அப்படியே நின்னு எடுப்பனா, பிள்ளைய காலடியில என் நெழலு கருப்பா விழுந்து கெடக்கும். கழுவி வரும்போதெல்லாம் தலையில அடிச்சுக்கிடுவேன். இப்ப கம்ப்யூட்டர்ல ஒரு தேய்ப்பு, போயிட்டு. ஒண்ணு விடல.

— எல்லாத்துலயுமா?

— எல்லாத்துலயும். இருந்த எடமே தெரியலம்மான்னு சாதிக்கே சொன்னான்.

— சவுதியிலருந்து நான் கொண்டாந்த படமெல்லாம் எங்க?

— அதா? பின்னால பூரா செவத்துல ஒட்டுன பச, பூச்சி வேற. முந்தாநாளு குப்ப வண்டியில போட்டாச்சு.

— நெகட்டிவு?

— அது போன மழையிலயே பிசினாப் போச்சே.

— யா அல்லா.

— என்னங்க, கண்ணு கலங்குது? நெழலுக்கா? நான் தப்பத்தான அழிச்சேன்.

— நீ அனுப்புனதுல ஒண்ணுலயாவது உன் மொகம் இருந்துச்சா?

— கேமரா என் கையில இருக்கு, நான் எப்படி விழுவேன்? வெளியாளு கையில குடுத்துட்டு நிக்க எனக்கு வெக்கம்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் பிள்ளையளப் பாக்கணும்னுதான கேட்டிய.

— கேட்டேன். ரூம்ல அவனவன் பெண்டாட்டி படத்த ஒட்டியிருந்தான், நான் பிள்ளைய படத்த ஒட்டியிருந்தேன். இப்ராஹீமுக்குப் பிள்ளைய மேல உசுருன்னு சொல்லுவானுவ. முக்காடும் தூக்குன முழங்கையுமா நீ கீழ விழுந்து கெடப்பியே, அதத்தான்ட்டி நான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்.