கைக்கு இரண்டு புள்ளி

நேற்றுப் பிற்பகல் எங்கள் கம்பெனி இருக்கும் கிடங்கில் இருந்தவர்கள்: நான், என் தங்கையின் கணவர், முக்காலியில் ஒரு கேமரா, ஒரு பழைய இரட்டை மெத்தை. என்னோடு வேலை செய்யும் தவளையைச் சேர்க்க வேண்டாம். அவன் டீ வாங்கப் போயிருந்தான். பக்கத்துக் கடையிலேயே டீ நன்றாக இருக்கும். நான்தான் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடையைச் சொல்லி அனுப்பினேன். போய்வர முக்கால் மணி நேரம்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்குப் பொய் சொல்ல வராது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் விளங்காது. முப்பது வருடத்துக்கு முன் ஒரு நிஞ்சா கேம் இருந்தது. முகமூடி போட்ட ஒருவன் சுவருக்குச் சுவர் தாவுவான், வாளை வீசுவான், பள்ளங்களைத் தாண்டுவான். மூன்று பாகம் வந்து நின்றுபோனது. அதை அதே பழைய பாணியில் மறுபடி கொண்டுவர எங்கள் நாலு பேர் கம்பெனி உரிமை வாங்கியது. அதே பதினாறு நிறம், அதே கட்டம் கட்டமான உருவம். தாவலுக்கு நிரல் எழுதுகிறவன் என்பதால்தான் அவனுக்குத் தவளை என்று பெயர். படம் வரைவது நான்.

அந்த கேமின் உயிர் வாளில் இல்லை, பயத்தில் இருந்தது. ஒரு வௌவால் வந்து மோதினாலும் நிஞ்சா இரண்டடி பின்னால் எறியப்படுவான். பின்னால் பள்ளம் இருந்தால் கதை முடிந்தது. பத்து வயதில் அதை விளையாடும்போது என் உள்ளங்கை நனைந்து பொத்தான் வழுக்கும். பக்கத்தில் என் தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளைக்கு இருநூறு தடவை விழுவான். ஆகவே அந்த கேமில் எல்லோரும் அதிகம் பார்த்தது அவன் விழுகிற படத்தைத்தான்.

விழுவதற்கு மூன்று படம். திரையில் உருவம் முப்பது புள்ளி, அதாவது முப்பது பிக்சல், உயரம். அதில் கைக்கு இரண்டு புள்ளி. பயத்தை அந்த இரண்டு புள்ளிக்குள் வைக்க வேண்டும்.

இணையத்தில் முன்னோட்டம் வெளியிட்டோம். அதன் கீழே முதல் ஆள் எழுதியது இது: “இவன் சாகல, தூங்கப் போறான்.” முதலாளி அதை அச்செடுத்து என் மேசையில் வைத்தார்.

“மாசக் கடைசிக்குள்ள அவன் ஒழுங்கா விழணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு அவங்கவங்க வீட்டைப் பார்க்கப் போலாம்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த ஆள் எழுதியதிலும் தப்பில்லை. நான் வரைந்ததெல்லாம், மெத்தையில் விழுந்த ஒருவரைப் பார்த்து வரைந்தது.

அவர்தான் என் தங்கை கணவர். உயரமான கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பத்தாவது மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடுவார். லீவு நாட்களில் எனக்காகக் கிடங்கின் மேல்தளத்துக்கு ஏறி, சின்னக் கதவு வழியாகக் கிடங்குக்குள் நீட்டியிருக்கும் விளிம்புக்கு வந்து, மல்லாக்க விழுந்து காட்டுவார்.

“விழறதுக்குக்கூடவா மச்சான் ஆள் வைப்பாங்க? எங்க மேஸ்திரிகிட்ட விழுந்தா வேலையே போயிடும்.”

“நல்லாத்தான் விழறீங்க மாப்ளே. ஆனா சாப்பிட்டுட்டுச் சாயற மாதிரி இருக்கு. கொஞ்சம் பயந்து விழுங்களேன்.”

“உங்க தங்கச்சியைக் கட்டினவன் மச்சான். இதுக்கு மேல பயப்பட என்ன பாக்கி இருக்கு?”

பதினொரு தடவை விழுந்தார். பதினொன்றிலும் விரல்கள் விரிந்தே இருந்தன. கீழே மெத்தை இருக்கிறது என்று நம்புகிறவரின் கை அப்படித்தான் இருக்கும்.

‘மெத்தையை எடுத்துட்டேன்னு சும்மா சொல்லியிருக்கலாமே’ என்று உங்கள் ஏட்டு கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லி எடுத்த படம் பொய்யாகத்தான் வரும்.

பன்னிரண்டாவது தடவை அவர் விளிம்பில் நின்றபோது மெத்தையை இழுத்துச் சுவரோரம் சாய்த்தேன். தரை சிமென்ட். உயரம் பதினேழு அடி. அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“என்ன மச்சான், மெத்தைக்கு லீவா?”

நான் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“நீங்க விழ வேண்டாம் மாப்ளே. பயப்பட்டா போதும்.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார்.

அந்த விளிம்பு ஒன்றரை அடி அகலம். அவர் உட்கார்ந்திருக்கலாம், உட்காருவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் திரும்பிக் கதவைத் தள்ளினார். அது திறக்கவில்லை. பழைய கட்டடம், கதவு இறுகிக்கொள்ளும் என்று நேற்று உங்களிடம் சொன்னேன்.

“மச்சான், விளையாட்டு போதும். வந்து திறங்க.”

நான் நின்ற இடத்திலேயே நின்று அவரைப் பார்த்தேன்.

“என்ன மச்சான் அப்படிப் பார்க்கறீங்க? ஏதாவது பேசுங்க.”

பிறகு தோளால் கதவில் மோதினார். ஒருமுறை. மறுமுறை. மூன்றாவது மோதலில் கதவு அவரைத் திருப்பி எறிந்தது. இரண்டடி பின்னால் போனார். விளிம்பு ஒன்றரை அடிதான்.

அவர் கத்தவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. அவர் பக்கம் போகவில்லை. போய்க் கணினி முன் உட்கார்ந்தேன். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு புள்ளிகளை மாற்றினேன். பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். நடுவில் நாலு நிமிடம் போயிருக்கிறது என்கிறீர்கள். எனக்கு அது வேகம்தான், வழக்கமாக ஒரு படத்துக்கு ஒரு நாள் ஆகும்.

தவளை வந்தபோது திரையைத்தான் முதலில் பார்த்தான். “ஐயோ, பார்க்கவே முடியலையே அண்ணே! இப்பத்தான் விழறான்” என்றான். அப்புறம்தான் அந்தப் பக்கம் திரும்பினான். டீ முழுவதும் தரையில் போயிற்று.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். இன்று காலை என் தங்கையை இங்கே அழைத்து வந்திருந்தீர்கள். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவர் விழுந்தாரா அண்ணே, நீ விழ வெச்சியா?”

 கேமராவில் பதிவான மூன்று படத்தில் மூன்றாவது கண்ணுக்குள் வந்து நின்றது. நேற்றிலிருந்து கண்ணை மூடினால் அதுதான். முதல் படத்தில் அவர் கை கதவைத் தேடுகிறது. இரண்டாவதில் விரல்கள் வெறும் காற்றை இறுகப் பிடித்திருக்கின்றன. மூன்றாவதில் முகம் திரும்பியிருக்கிறது. தரையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பார்வை கேமராவுக்கு மேலே இருக்கிறது. அங்கே நான்தான் நின்றிருந்தேன். அவர் உயரத்துக்குப் பயப்படவே இல்லை.

சின்ன வயதிலிருந்து பள்ளத்துக்குப் பயந்தவன் நான். என்னைப் பார்த்து ஒருவர் பயப்படுவார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தங்கையிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இங்கே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கதவு இறுகவில்லை. அந்தப் பன்னிரண்டாவது தடவை அவரை மேலே கூட்டிப் போனது நான். விளிம்பில் நிற்க வைத்து, “ஜாக்கிரதை மாப்ளே” என்றேன். “அதான் நீங்க இருக்கீங்களே” என்றார். நான் படிக்கட்டுப் பக்கம் வந்து கதவைச் சாத்தினேன். துருப்பிடித்த தாழ்ப்பாள்தான். முந்தின நாளே எண்ணெய் போட்டு வைத்திருந்ததால், அவருக்குக் கேட்காமல் விழுந்தது.