கை தட்டிய பேச்சு

காலையில் ஹரோவிலிருந்து போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. "எல்லாரும் கை தட்டினவை. எனக்கு வெக்கமாப் போச்சு," என்றார் அவர்.

நான் ஃபோனை மடியில் வைத்தேன்.

"ஏன் அக்கா? நீங்கள் நல்லாத்தானே பேசுவீங்கள்," என்றார் இளையவர்.

"நல்லாத்தான் பேசினன். தேவன் எங்கடை லாப்பிலை ஒன்பது வருசம். வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். மனேஜர் எண்டு நான்தானே பேசவேணும். அவர் பாத்துத் திருத்தாட்டி எத்தனை ரிசல்ட் பிழையாப் போயிருக்கும், அவரை நம்பித்தான் நான் லீவிலை போறனான் எண்டெல்லாம் சொன்னன்."

"அவருக்குச் சந்தோசமா இருந்திருக்கும்."

"கேக் வெட்டின பிறகு கிட்ட வந்தார். 'நீங்கள் என்ரை வேலையைக் கவனிக்கிறேல்லை எண்டு நினைச்சுத்தான் வேறை இடம் தேடினனான். முதலே தெரிஞ்சிருந்தா நிண்டிருப்பன்' எண்டார். கோவமாச் சொல்லேல்லை."

வெம்பிளி பார்க்கில் ரயில் நின்று புறப்பட்டது.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"மன்னிப்புக் கேக்கத்தான் நினைச்சன். ஆனா இன்னொரு துண்டு கேக் வேணுமோ எண்டு கேட்டன்."